டைமரை அழுத்த மறப்பவர்களுக்கு: கணினியில் வேலை நேரம் குறிப்பது எப்படி?

இந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது கேட்டால் நாம் சொல்லும் பதில் பெரும்பாலும் கணக்கு இல்லை, ஆசைதான். மூன்று நாளில் தருகிறேன் என்று நான் ஒப்புக்கொண்ட ஒரு மொழிபெயர்ப்பு ஐந்தரை நாள் இழுத்தது. முடித்த பிறகு உட்கார்ந்து யோசித்தால், சந்தேகம் கேட்டு மின்னஞ்சல் போட்டது, பழைய கோப்பைத் தேடியது, திருத்தத்துக்கு மேல் திருத்தம் செய்தது எல்லாம் ஞாபகம் வருகிறது, எதற்கு எத்தனை மணி நேரம் போனது என்பது மட்டும் வரவில்லை. அதற்கப்புறம்தான் நேரம் குறிக்கும் மென்பொருள் ஒன்றைக் கணினியில் போட்டேன். போட்ட முதல் வாரமே கூத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு நிறுத்த மறந்த டைமர் திங்கட்கிழமை காலை 9 மணி வரை ஓடி, ஒரே வேலைக்கு 63 மணி நேரம் என்று காட்டியது.

நீங்களும் மறப்பீர்கள். ஒழுங்கானவர், ஒழுங்கற்றவர் என்ற வித்தியாசமெல்லாம் இதில் இல்லை, வேலையில் மூழ்கிவிட்டால் டைமர் ஞாபகம் வராது, அவ்வளவுதான். அதனால் எந்த மென்பொருள் நல்லது என்று வாரக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்ப்பதை விட, மறதியை முன்கூட்டியே கணக்கில் வைத்து ஏற்பாடு செய்துகொள்வதுதான் முக்கியம். கீழே சொல்வதெல்லாம் அந்த ஏற்பாடுதான்.

இரண்டு வகை, இரண்டும் வேண்டும்

இந்த மென்பொருள்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நீங்களே தொடங்கி நீங்களே நிறுத்துவது. டாகிள் டிராக், கிளாக்கிஃபை இரண்டும் இந்த வகை, இரண்டிலும் இலவசத் திட்டம் இருக்கிறது. லினக்ஸ்காரர்களுக்கு ஹாம்ஸ்டர் இருக்கிறது, லினக்ஸில் கேடிஇ என்ற டெஸ்க்டாப்பைப் பயன்படுத்துபவர்களுக்குக் கேடைம்டிராக்கர். கருப்புத் திரையில் கட்டளை அடிப்பதுதான் சுகம் என்பவர்கள் டைம்வாரியரைப் பார்க்கலாம். இன்னொரு வகை, நீங்கள் எதையும் அழுத்தாமலே எந்தச் சாளரம் எத்தனை நேரம் முன்னால் இருந்தது என்று பின்னணியில் தானாகக் குறித்துக்கொண்டே இருப்பது. ஆக்டிவிட்டிவாட்ச், மேனிக்டைம், ரெஸ்க்யூடைம் எல்லாம் இதில் சேரும்.

முதல் வகைக்கு நீங்கள் எதற்காக வேலை செய்தீர்கள் என்று தெரியும், ஆனால் அழுத்த மறந்தால் அதற்கு ஒன்றுமே தெரியாது. இரண்டாவது வகை எதையும் தவறவிடாது, ஆனால் திறந்திருந்த எக்செல் தாள் யாருடைய வேலைக்கானது என்று அதற்குப் புரியாது, அச்செடுத்த காகிதத்தை ஒரு மணி நேரம் படித்தீர்கள் என்றால் நீங்கள் காணாமல் போய்விட்டதாகவே எழுதிவைக்கும். ஆகவே ஒன்றை டைமராகவும் மற்றதைச் சாட்சியாகவும் வையுங்கள். கணக்கு டைமரில் இருக்கட்டும். டைமர் பொய் சொல்கிறதா என்று பார்க்கத்தான் சாட்சி.

நிறுவுவதற்கு முன்னால் ஒரு காகிதம்

பெரும்பாலானோர் தடுக்கி விழுவது இங்கேதான், அதுவும் மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே. ஆர்வத்தில் இருபது, முப்பது திட்டங்களை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் கீழே வேலைகள், அதற்கும் கீழே குறிச்சொற்கள், எல்லாவற்றுக்கும் ஒரு நிறம் என்று வைத்துவிடுவார்கள். மூன்றாம் நாள் டைமரை அழுத்தப் போகும்போது இது எதில் சேரும் என்று அரை நிமிடம் யோசிக்க வேண்டியிருக்கும். அந்த அரை நிமிடத் தயக்கமே போதும், அப்புறம் அழுத்தவே மாட்டீர்கள்.

காகிதத்தில் ஆறு தலைப்புகளுக்கு மேல் எழுதாதீர்கள். போன மாதம் உங்கள் நேரத்தை விழுங்கிய பெரிய வேலைகள் மூன்று அல்லது நான்கு, மின்னஞ்சல், பில், மென்பொருள் அப்டேட், கோப்பு அடுக்குதல் போன்ற சில்லறை எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘நிர்வாகம்’ என்று ஒன்று, கற்றுக்கொள்வதற்கு ஒன்று. போதும். இந்த ‘நிர்வாகம்’ என்பதைத் தவறாமல் வையுங்கள், அது இல்லாவிட்டால் சில்லறை வேலைகளெல்லாம் பெரிய வேலைகளின் கணக்கில் ஒளிந்துகொள்ளும், என்னுடைய ஐந்தரை நாளில் பாதி அப்படித்தான் ஒளிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

மென்பொருள்களில் வாடிக்கையாளர், திட்டம், வேலை, குறிச்சொல் என்று நான்கு அடுக்குகள் வரை இருக்கும். தொடக்கத்தில் திட்டத்தையும் விவரம் எழுதும் பெட்டியையும் மட்டும் பயன்படுத்துங்கள். ஆறு தலைப்புகள்தான் திட்டங்கள். விவரப் பெட்டியில் என்ன செய்கிறீர்கள் என்று இரண்டு மூன்று சொற்களில் எழுதுங்கள். ‘வேலை’ என்று எழுதினால் ஒரு மாதம் கழித்து அதற்கு அர்த்தமே இருக்காது. ‘மாத அறிக்கை, இரண்டாம் திருத்தம்’ என்று எழுதினால் திருத்தத்துக்கு மட்டும் எவ்வளவு போயிருக்கிறது என்று பிறகு பிரித்துப் பார்க்கலாம். ஒரே வேலைக்கு ஒரே சொல்லை வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாள் ‘திருத்தம்’, மறுநாள் ‘சரிபார்ப்பு’ என்று எழுதினால் கூட்டிப் பார்க்கும்போது இரண்டும் தனித்தனி வரிசையில் போய் உட்காரும்.

டைமரை நிறுவுதல்

டாகிள் டிராக் அல்லது கிளாக்கிஃபை, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தொடங்குபவருக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, இதற்காக ஒரு மாலையை வீணாக்க வேண்டாம். அவர்கள் தளத்தில் மின்னஞ்சல் கொடுத்துக் கணக்கு திறந்து, கணினிக்கான செயலியை இறக்கி நிறுவி, அதே கணக்கில் உள்ளே போங்கள். உலாவியிலேயே பயன்படுத்த முடியும்போது செயலி எதற்கு என்று தோன்றலாம். உலாவித் தாவல் மற்ற நாற்பது தாவல்களுக்கு நடுவே தொலைந்துபோகும், செயலி டாஸ்க்பாரில் கண்ணெதிரே நிற்கும். மேலும் நீங்கள் எழுந்து போய்விட்டதைக் கண்டுபிடிக்கும் வேலையைச் செயலிதான் நன்றாகச் செய்யும்.

காகிதத்தில் எழுதிய ஆறு தலைப்புகளையும் திட்டங்களாகப் போட்டுவிட்டு நேராக அமைப்புகளுக்குப் போங்கள். அங்கே மூன்று விஷயங்களை இயக்க வேண்டும், பெயர்கள் செயலிக்குச் செயலி கொஞ்சம் மாறும். கணினி தொடங்கும்போதே செயலியும் தொடங்குவது முதலாவது. டைமர் ஓடாமல் இருந்தால் நினைவூட்டுவது இரண்டாவது, இதில் உங்கள் வேலை நேரத்தையும் கிழமைகளையும் குறிக்க இடம் இருக்கும், குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்கும்போதும் வந்து நச்சரிக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம், ஐடில் டிடெக்‌ஷன். நீங்கள் குறிப்பிட்ட நிமிடங்களுக்கு விசைப்பலகையையோ மவுஸையோ தொடாவிட்டால், திரும்பி வந்ததும் ‘இவ்வளவு நேரம் இங்கே இல்லை, என்ன செய்யட்டும்?’ என்று செயலி கேட்கும். அந்த நேரத்தை வைத்துக்கொள்ளலாம், கழித்துவிட்டு டைமரை நிறுத்தலாம், கழித்துவிட்டு அதே வேலையைத் தொடரலாம். எத்தனை நிமிடம் என்பதை உங்கள் வேலையைப் பார்த்து வையுங்கள். நாள் முழுக்கத் தட்டச்சு செய்பவருக்கு 5 நிமிடம் சரியாக இருக்கும். படிப்பதும் யோசிப்பதும் அதிகம் என்றால் 10 அல்லது 15 வையுங்கள், 5 என்று வைத்தால் நீண்ட பத்தி ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் கேள்வி வந்து நிற்கும், இரண்டு நாளில் எரிச்சலாகி அந்த வசதியையே அணைத்துவிடுவீர்கள். அணைத்தால் என்ன ஆகும் என்று 63 மணி நேரக் கதையை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

கிளாக்கிஃபை, டாகிள் இரண்டின் செயலிகளிலும் பொமொடோரோ டைமர் என்று ஒன்று இருக்கும். 25 நிமிடம் வேலை, பிறகு சின்ன இடைவேளை என்ற இந்த முறையை 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்பவர் உருவாக்கினார். கவனம் நிலைக்க உதவும், ஆனால் நேரக் கணக்குக்கு அது தேவையில்லை. இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் இரண்டும் பாதியில் நிற்கும், முதல் மாதம் அதைத் தொடாதீர்கள்.

சாட்சியை வைத்தல்

சாட்சிக்கு நான் பயன்படுத்துவது ஆக்டிவிட்டிவாட்ச். திறமூல மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், கணக்கு எதுவும் திறக்க வேண்டியதில்லை, குறிப்பதையெல்லாம் உங்கள் கணினியிலேயே வைத்துக்கொள்கிறது. நிறுவியதும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்னமாக உட்கார்ந்துவிடும். அதை வலது சொடுக்கி டாஷ்போர்டைத் திறந்தால் உங்கள் உலாவியில்தான் திறக்கும். முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் 5600 என்று இருப்பதைப் பார்த்து, இணையத்துக்குப் போகிறதோ என்று பயப்பட வேண்டாம், அது உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கும் முகவரி.

அது இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது: எந்தச் செயலியின் எந்தச் சாளரம் முன்னால் இருக்கிறது, நீங்கள் இருக்கிறீர்களா இல்லையா. 3 நிமிடம் விசைப்பலகையும் மவுஸும் அசையாவிட்டால் நீங்கள் எழுந்து போய்விட்டதாக எடுத்துக்கொள்ளும். என்ன தட்டச்சு செய்கிறீர்கள் என்பதைக் குறிப்பதில்லை. உலாவியில் எந்தத் தளம் என்று சரியாகத் தெரிய வேண்டுமென்றால் அதற்கான நீட்டிப்பை உலாவியில் தனியாகச் சேர்க்க வேண்டும்.

நிறுவிய மறுநாள் டாஷ்போர்டு வெறுமையாக இருந்தால் இரண்டு இடங்களில் பாருங்கள். மேக் என்றால், அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குள் ஆக்சஸிபிலிட்டி என்ற இடத்தில் அனுமதி கொடுக்காவிட்டால் சாளரத்தின் தலைப்பு கிடைக்காது. லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் அமைப்பாக வேலேண்ட் ஓடுகிறது என்றால், சாளரத்தைப் பார்க்கும் வழக்கமான பகுதி வேலை செய்யாது, வேலேண்டுக்கென்று இருக்கும் வாட்சர், அதாவது சாளரத்தைக் கவனிக்கும் துணை மென்பொருள், ஒன்றைத் தனியாகப் போட வேண்டும், அல்லது உள்நுழையும் திரையில் பழைய அமைப்பான எக்ஸ்11 அமர்வு இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

வகை பிரிக்கும் வசதி அதில் இருக்கிறது, ஆனால் முதல் வாரம் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஒரு வாரத் தரவு சேர்ந்த பிறகு போனால் எந்தச் சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று தெரியும். விதி எழுதுவது சுலபம்தான், சாளரத் தலைப்பில் இந்தச் சொல் வந்தால் இந்த வகை என்று சொல்ல வேண்டும், பல சொற்கள் இருந்தால் நடுவில் நெட்டுக்கோடு (|) போட வேண்டும், அது ‘அல்லது’ என்று பொருள்படும். இங்கே ஒரு தந்திரம்: கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போதே திட்டத்தின் பெயரைச் சேர்த்து வைத்துவிட்டால், அந்தப் பெயர் சாளரத் தலைப்பில் வரும், சாட்சி தானாகவே பிரித்துவிடும். ‘புதியது கடைசி 2’ என்று பெயர் வைப்பவர்களுக்கு எந்த மென்பொருளும் உதவ முடியாது.

சாளரத் தலைப்பு என்றால் என்னவென்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். மின்னஞ்சலின் பொருள் வரி, ஆவணத்தின் பெயர், அரட்டையில் எதிரில் இருப்பவர் பெயர் எல்லாம் அதில் வரும். வீட்டில் சொந்தக் கணினி என்றால் பரவாயில்லை. அலுவலகக் கணினி என்றால் நிறுவுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். தரவை வெளி சர்வருக்கு அனுப்பும் மென்பொருள் என்றால் இரண்டு முறை கேளுங்கள். நிறுவனமே உங்கள் கணினியில் போடும், திரையை அடிக்கடி படம் பிடிக்கும் கண்காணிப்பு மென்பொருள்கள் வேறு ரகம், அவை உங்களுக்காக வேலை செய்வதில்லை, இங்கே அவற்றைப் பற்றிப் பேசவில்லை.

மாலையில் ஐந்து நிமிடம்

கணினியை மூடுவதற்கு முன் டைமரின் இன்றைய பட்டியலையும் சாட்சியின் டைம்லைனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலை 11:10 முதல் 12:25 வரை டைமரில் ஒன்றும் இல்லை, சாட்சி அந்த நேரத்தில் அறிக்கைக் கோப்பு திறந்திருந்ததாகச் சொல்கிறது என்றால், டைமரில் கையால் ஒரு பதிவு சேர்த்துவிடுங்கள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், விவரம், அவ்வளவுதான். மதியம் டைமர் மூன்று மணி நேரம் ‘அறிக்கை’ என்று ஓடியிருக்கிறது, சாட்சியோ அதில் ஐம்பது நிமிடம் செய்தித் தளம் என்கிறது. வெட்கமாகத்தான் இருக்கும், இருந்தாலும் வெட்டிவிடுங்கள், வேறு யாரும் பார்க்கப் போவதில்லை.

இதை அன்றே செய்ய வேண்டும். மறுநாள் காலை செய்யலாம் என்று விட்டால், டைம்லைனில் இருக்கும் நீலப் பட்டை எதற்கானது என்று உங்களுக்கே தெரியாது. இரவு 12 மணி தாண்டி வேலை செய்பவர்கள் கவலைப்பட வேண்டாம், ஆக்டிவிட்டிவாட்ச் ஒரு நாளை விடியற்காலை 4 மணியிலிருந்துதான் கணக்கிடுகிறது, வேண்டுமானால் அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம்.

நிமிட சுத்தம் பார்க்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு முழுமையாக்கினால் போதும், பத்து நிமிடத்துக்குக் குறைந்த இடையூறுகளைத் தனியாகப் பிரிக்க வேண்டாம். எல்லா இடைவெளிகளையும் நிரப்பியே ஆக வேண்டும் என்றும் இல்லை. எட்டு மணி நேரம் கணினி முன் இருந்த நாளில் டைமர் ஐந்தரை காட்டினால் எதுவோ பிழை என்று நினைத்துவிடாதீர்கள், வேலை நாள் அப்படித்தான் இருக்கும், வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கட்டும்.

வீடியோ கூட்டங்கள் மட்டும் தொல்லை. ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தால் மவுஸ் அசையாது, டைமர் கேள்வி கேட்கும், சாட்சி நீங்கள் இல்லை என்று எழுதும். டைமரில் அந்த நேரத்தை வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள். ஆக்டிவிட்டிவாட்சில், ஒலி வரும் உலாவித் தாவலை வேலையாகவே கணக்கிடும் வசதி இருக்கிறது, நான் முன்னால் சொன்ன உலாவி நீட்டிப்பு இருந்தால்தான் அது நடக்கும்.

தரவை வெளியே எடுக்கும்போது

வாரம் ஒருமுறை டைமரின் அறிக்கைப் பக்கத்திலிருந்து சிஎஸ்வி கோப்பாக, அதாவது எந்த விரிதாளிலும் திறக்கும் சாதாரண உரைக் கோப்பாக, இறக்கிக்கொள்ளுங்கள். இங்கே மூன்று பள்ளங்கள் இருக்கின்றன, நான் மூன்றிலும் விழுந்திருக்கிறேன்.

தமிழில் விவரம் எழுதியிருந்தால், சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் எக்செலில் திறக்கும்போது எழுத்துகள் குப்பையாகத் தெரியலாம். கோப்பு கெட்டுவிடவில்லை. காலித் தாளைத் திறந்து, டேட்டா பட்டியலில் உரை அல்லது சிஎஸ்வியிலிருந்து எடுக்கும் வழியில் போய், எழுத்துக் குறியாக்கமாக யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் தமிழ் ஒழுங்காக வரும். எக்செல் போன்ற இலவச விரிதாளான லிப்ரே ஆபீஸ் கால்க் திறக்கும்போதே குறியாக்கம் என்ன என்று கேட்டுவிடும்.

அடுத்தது, நேரங்களைக் கூட்டினால் வாரம் முழுக்க 27 மணி நேரம் உழைத்தவருக்கு 3 மணி நேரம் என்று காட்டும். விரிதாளுக்கு ஒரு நாள் என்பது 1, ஒரு மணி நேரம் என்பது அதில் 24இல் ஒரு பங்கு. சாதாரண நேர வடிவத்தில் 24 தாண்டியதும் கடிகாரம் போல மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கிவிடும். செல்லின் வடிவமைப்பில் நேரம் என்ற பகுதிக்குப் போய், மாதிரியாக 37:30:55 என்று காட்டும் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள், எக்செலில் அதுதான் 24ஐத் தாண்டி எண்ணும். கால்கில் அதே வடிவம் 876613:37:46 என்று மிரட்டலாகத் தெரியும், அதுவேதான்.

மூன்றாவது, பணம் சம்பந்தப்பட்டது. 1:30 என்பது 1.30 இல்லை, 1.5. மணிக்கு இவ்வளவு என்று பில் போடுபவர்கள் இதில் சறுக்கினால் ஒவ்வொரு ஒன்றரை மணி நேரத்துக்கும் 12 நிமிடம் இலவசமாகப் போகும். நேரம் இருக்கும் செல்லை 24ஆல் பெருக்கி, வடிவத்தைச் சாதாரண எண்ணாக மாற்றினால் சரியான தசமம் கிடைக்கும். 45 நிமிடம் என்றால் 0.75. வழக்கறிஞர்கள் பலர் 6 நிமிடத்தை ஓர் அலகாக வைத்துப் பில் போடுவது இந்தக் கணக்கு சுலபமாக இருக்கத்தான், 6 நிமிடம் என்றால் சரியாக 0.1 மணி.

எதற்கு இவ்வளவும்?

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள், குறித்துக்கொண்டே வாருங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து, வேலையைத் தொடங்கும் முன் அதற்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்களோ அதை விரிதாளில் ஒரு பத்தியில் எழுதுங்கள். முடிந்ததும் பக்கத்துப் பத்தியில் டைமர் சொன்ன நேரத்தை எழுதுங்கள். நடுவில் போய் முதல் எண்ணைத் திருத்தக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை, கை துறுதுறுவென்றுதான் இருக்கும்.

மனிதர்கள் தங்கள் வேலைக்கான நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதினார்கள். கையில் இருக்கும் வேலையின் விவரங்களையே உற்றுப் பார்த்துக் கணிக்காமல், இதே மாதிரி முன்பு செய்த வேலைகள் எவ்வளவு இழுத்தன என்று பார் என்பதுதான் அவர்கள் சொன்ன மருந்து. முன்பு செய்த வேலைகளின் கணக்கு நம்மிடம் இருந்தால்தானே பார்ப்பது? இப்போது இருக்கிறது.

பத்து வேலைகள் சேர்ந்ததும் இரண்டு பத்திகளையும் கூட்டி, ஆன நேரத்தை நினைத்த நேரத்தால் வகுங்கள். நினைத்தது 40 மணி, ஆனது 62 மணி என்றால் 1.55 வரும். அடுத்த வேலைக்கு மனதில் 8 மணி என்று தோன்றினால் 12 மணிக்கு மேல் என்று சொல்லுங்கள். எல்லா வேலைக்கும் ஒரே எண் பொருந்தாது, என் கணக்கில் புதிதாக எழுதுவது 1.2க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, அடுத்தவர் எழுதியதைத் திருத்துவதுதான் 2ஐத் தொடுகிறது. மூன்று நாள் என்று ஒப்புக்கொண்ட அந்த மொழிபெயர்ப்பில் ஒரு நாள் முழுவதும் அடுத்தவர் செய்து வைத்த பழைய பகுதியைத் திருத்தும் வேலை. இன்று அதே வேலை வந்தால் ஐந்து நாள் என்றுதான் சொல்வேன், அதற்கு அவர்கள் வேண்டாம் என்றால் சரி என்று விட்டுவிடுவேன்.